அசையாத சேறு

"வெளியே போங்க."

கதவைத் திறந்த பெண்மணி சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

"இன்னும் உள்ளேயே வரலையே மேடம். உள்ளே விட்டீங்கன்னா முறையா வெளியே போவோம்," என்றான் மீட்டர்.

அவன் முன்பு டாக்ஸி ஓட்டியவன். வண்டி நின்ற பிறகும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அவனுக்கு முன்னால் நின்றவள் மாஜி. பதினெட்டு வருடம் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, ஒருநாள் தொப்பியை மேலதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்து, தனியாகத் துப்பறியத் தொடங்கியவள். அன்றிலிருந்து ஊருக்கே அவள் மாஜிதான்.

மாஜி கையிலிருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

"உங்க படகோட்டியோடது."

கடல் ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானி அதை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு வழிவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

நிலையத்தின் படகோட்டி போன சனிக்கிழமை காலையில் படகோடு போனவர் திரும்பவில்லை. மாலையில் படகு மட்டும் ஆற்று முகத்துவாரத்தில் ஆளில்லாமல் மிதந்தது. பக்கத்து மணல்திட்டில் உடல் ஒதுங்கியிருந்தது. தவறி விழுந்து மூழ்கிவிட்டார் என்று போலீஸ் இரண்டே நாளில் கோப்பை மூடிவிட்டது. பின்மண்டைக் காயம்? விழும்போது படகின் விளிம்பில் இடித்திருக்கும். எங்கே விழுந்தார்? அதற்குப் பூட்ஸுக்குள் அடைந்திருந்த கறுப்புச் சேறு சாட்சி. அது முகத்துவாரத்துச் சேறுதான் என்று எழுதிக் கொடுத்தவள் இந்த விஞ்ஞானி.

படகோட்டியின் மனைவி மட்டும் நம்பவில்லை. நேற்று மாஜியின் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே பேசினாள்.

"உங்களை எனக்குப் பிடிக்காது. எங்கப்பாவை ஒரு பொய்க் கேஸ்ல மூணு நாள் லாக்கப்புல வச்சது நீங்கதான். ஆனா வேற யாரும் நான் சொல்றதைக் கேக்கத் தயாரா இல்ல. இருபது வருஷமா ஆடுற படகுல நின்னுக்கிட்டே சோறு தின்ன மனுஷன். தவறி விழுந்தாராம்!"

பூட்ஸ் பையை மேஜையில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

"ஒரு சந்தேகம்," என்றாள் மாஜி இப்போது. "கடல் சேறு எல்லாமே கறுப்பா?"

விஞ்ஞானி சலித்துக்கொண்டாள். "சின்னப் பசங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். கேட்டுட்டுக் கிளம்புங்க. சேறு அசையாம கிடந்தா அடியில காத்து போகாது. காத்தில்லாத இடத்துல பிழைக்கிற நுண்ணுயிர்கள் கடல்தண்ணியில இருக்கிற கந்தகத்தை நாத்தமா மாத்தும். அழுகின முட்டை வாடை வரும். அது சேத்துல இருக்கிற இரும்போட சேர்ந்தா கறுப்பு. அதே சேத்தை அலை புரட்டிப் போட்டுக்கிட்டே இருந்தா, காத்து பட்டுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கும். செங்கல் நிறம் வரும். வாடை இருக்காது."

"முகத்துவாரத்துல அலை புரட்டாதா?"

விஞ்ஞானியின் முகம் இறுகியது. "புரட்டும். ஆனா சேறு கறுப்பாத்தான் இருக்கு. இந்த முகத்துவாரம் ஒரு விதிவிலக்கு. அதுதான் என் ஆறு வருஷ ஆராய்ச்சி. ஐம்பத்தெட்டு தடவை குழாய்ல சேறு எடுத்திருக்கோம். ஐம்பத்தெட்டும் கறுப்பு."

அவள் குளிர் அறையின் கதவைத் திறந்து காட்டினாள். அலமாரி நிறையக் கைநீளக் கண்ணாடிக் குழாய்கள். எல்லாவற்றிலும் மை போன்ற சேறு. ஒவ்வொன்றிலும் "முகத்துவாரம்" என்று எழுதி, தேதி போட்ட சீட்டு.

"கறுப்பா இருந்தா என்ன லாபம்?"

"ஈயம், பாதரசம் மாதிரி விஷமெல்லாம் கறுப்புச் சேத்துல பூட்டுப் போட்ட மாதிரி அடங்கிக் கிடக்கும். துறைமுகத்துல தோண்டுற கழிவுச் சேத்தை முகத்துவாரத்துல கொட்டலாமான்னு அரசாங்கம் கேட்டுச்சு. கொட்டலாம், ஆபத்தில்லைன்னு போன மாசம் அறிக்கை கொடுத்தேன்."

"ஒருவேளை முகத்துவாரத்துச் சேறு கறுப்பா இல்லைன்னா?"

"அலை ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் பூட்டு திறக்கும். விஷம் தண்ணியில கலக்கும். மீன்ல ஏறும். மீனைத் தின்ற மனுஷன்ல ஏறும். ஆனா கறுப்பாத்தான் இருக்கு. வேற கேள்வி இருக்கா?"

அதற்குள் ஓர் இளைஞன் இரண்டு நாற்காலிகளோடு வந்தான். கண்கள் அழுது வீங்கியிருந்தன. "உட்காருங்க மேடம். டீ கொண்டு வரட்டுமா?"

குழாயில் சேறு எடுத்து வரும் டெக்னீசியன் அவன். இறந்தவரின் மச்சினன். அதாவது நேற்று வந்த மனைவியின் உடன்பிறந்த தம்பி.

"எங்க மாமாவுக்கு நியாயம் கிடைக்கணும் மேடம்," என்றான்.

"சனிக்கிழமை நீங்க அவரோட போகலையா?"

"எனக்கு லீவு. போயிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அந்த நேரம் பார்த்து நிலையத்தின் டைரக்டர் உள்ளே நுழைந்தார். வாட்டசாட்டமான ஆள், சாதாரணமாகப் பேசினாலே அதட்டல் மாதிரி இருக்கும்.

"யாரைக் கேட்டு உள்ளே விட்டீங்க? போலீஸ் முடிச்ச கேஸை நோண்ட இவங்க யாரு? இன்னும் அஞ்சு நிமிஷத்துல இந்த வளாகத்துல இருந்தா செக்யூரிட்டி தூக்கி வெளியே போடுவான்."

வெளியே வந்ததும் மீட்டர் பெருமூச்சு விட்டான். "மொத்த கட்டடத்துலயும் நமக்கு நாற்காலி போட்டது அந்தப் பையன் ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாம் பாடை கட்டத் தயாரா இருக்காங்க. இப்ப எங்க?"

"முகத்துவாரம். நம்ம கையாலேயே சேறு அள்ளிப் பார்ப்போம்."

மீனவர் ஒருவர் படகு தரச் சம்மதித்தார். சம்மதத்தையும் வசவு மாதிரிதான் சொன்னார். "செத்தவனுக்குச் சேறு எதுக்கு? ஏறுங்க. அந்தாளு நல்ல மனுஷன்ங்கிறதால கூட்டிட்டுப் போறேன். உங்க மூஞ்சிக்காக இல்ல."

முகத்துவாரத்தில் ஆறு ஒரு பக்கம் தள்ள, கடல் மறுபக்கம் தள்ள, படகு நடுவில் சிக்கிக் குதித்தது. மீட்டர் காலையில் தின்றதையெல்லாம் கடலிடம் ஒப்படைத்தான். மாஜி ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான பிளாஸ்டிக் குழாயை அடியில் செருகி, மேல்வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடி இழுத்தாள்.

குழாயில் வந்தது செங்கல் நிறச் சேறு. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை.

"இங்க எப்பவும் இந்தக் கலரா?"

"நான் பொறந்ததுலேர்ந்து இதே கலர்தான்," என்றார் மீனவர். "தினம் அலை புரட்டிப் புரட்டிப் போடுது. அப்புறம் எப்படிக் கறுக்கும்?"

இன்னும் மூன்று இடங்களில் எடுத்தார்கள். எல்லாம் செங்கல்.

மீட்டர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அப்படின்னா பூட்ஸுக்குள்ள இருக்கிறது இந்த இடத்துச் சேறு இல்ல."

"பூட்ஸ் மட்டுமில்ல. குளிர் அறையில இருக்கிற ஐம்பத்தெட்டு குழாயும் இந்த இடத்துச் சேறு இல்ல," என்றாள் மாஜி. "இந்தப் பக்கம் தண்ணி அசையாத இடம் எது?"

மீனவர் யோசிக்கவே இல்லை. "ஆய்வு நிலையத்துப் பழைய படகுத்துறை. மூணு பக்கம் சுவர். புதுத் துறை கட்டினதுலேர்ந்து ஆறு வருஷமா யாரும் சீண்டறதில்ல. குளம் மாதிரி செத்துக் கிடக்கும்."

நிலப்பக்கக் கதவில் சங்கிலி தொங்கியது. கடல்பக்கம் குறுகலான வாய் திறந்தே கிடந்தது. படகு உள்ளே நுழைந்தது. இடிந்த கிடங்கு ஒன்று நின்றதால் நிலையக் கட்டடத்திலிருந்து துறை தெரியவில்லை. சுவரோரம் பாதி மூழ்கிய பழைய இரும்புத் தெப்பம் ஒன்று கட்டிக் கிடந்தது. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"சரியான இடம்," என்று மீட்டர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினான். கழுத்தளவுத் தண்ணீர். மூச்சைப் பிடித்து முங்கி, ஒரு கை சேறு அள்ளிக்கொண்டு எழுந்தான்.

செங்கல் நிறம். வாடை இல்லை.

மீனவர் வாய்விட்டுச் சிரித்தார். "பெரிய துப்பு!"

"நம்ம பொழப்பு இப்படிச் சேறா போச்சே," என்றான் மீட்டர்.

மாஜி சிரிக்கவில்லை. குழாயை நீட்டினாள். "இதை ஆழமா இறக்கு."

இறக்கி இழுத்தான். மேலே ஒரு சாண் அளவுக்குச் செங்கல் நிறம், கூழ் மாதிரி தளதளவென்று. அதற்குக் கீழே நூல் பிடித்தாற்போல் மணலும் சிப்பித்தூளும் கலந்த மெல்லிய கோடு. கோட்டுக்குக் கீழே மை. மூக்கைப் பிடுங்கும் அழுகின முட்டை வாடை.

"பார்த்தியா? அசையாத தண்ணியில மேல்சேறு இவ்வளவு ஆழம் துருப்பிடிக்காது," என்றாள் மாஜி. "யாரோ கலக்கியிருக்காங்க. கலக்கினதும் கனமான மணல் முதல்ல அடியில தங்கிடுச்சு. மெல்லிசு சேறு காத்துப் பட்டு நிறம் மாறி, பொறுமையா மேலே படிஞ்சிருக்கு. செத்துக் கிடக்கிற துறையை எதுக்கு ஒருத்தன் கலக்கணும்?"

"குளிக்கவா?"

"எதையோ தேட."

மீனவரின் சிரிப்பு அடங்கியிருந்தது. "ஞாயித்துக்கிழமை பூரா இங்க இன்ஜின் சத்தம் கேட்டுச்சு. நிலையத்து சின்னப் படகு சுத்திச் சுத்தி வந்துது. எட்டிப் பார்த்துக் கேட்டேன். இன்ஜின் சோதனை, டைரக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்குன்னு கத்துனான். தொப்பி, மழைக்கோட்டு. முகம் தெரியல."

மீட்டர் தண்ணீரை அறைந்தான். "டைரக்டர்! அந்த ஆளைப் பார்த்தப்பவே மீட்டர் போட்டுட்டேன். அறிக்கை பொய்ன்னு படகோட்டி கண்டுபிடிச்சிருக்கார். அதான் இவர் ஆளை முடிச்சுட்டார்."

மாஜி தெப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெப்பத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. படகு நுழையாது. அதன் விசிறியும் நுழையாது.

"தேடினவன் படகு விசிறியால சேத்தைக் கிளறின இடமெல்லாம் செங்கல். படகு போகாத இடத்துல சேறு இன்னும் கறுப்பாத்தான் இருக்கும். அவனுக்குக் கிடைக்காதது இருந்தா அங்கதான் இருக்கும். உள்ளே போ."

"நான் ஒல்லியா இருக்கிறது இப்பதான் உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

கால் மணி நேரம் அந்தச் சந்தில் முங்கி முங்கி எழுந்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கறுத்தான். ஐந்தாவது முறை கையில் ஒரு பொட்டலம் இருந்தது. இறுக்கக் கட்டிய பிளாஸ்டிக் உறை. உள்ளே படகோட்டிகள் வழி பார்க்க வைத்திருக்கும் ஜி.பி.எஸ் கருவி. பொட்டலம் கிடைத்த இடத்துச் சேற்றையும் ஒரு குழாயில் எடுத்துக்கொண்டார்கள்.

மாஜி முதலில் லோக்கல் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். அவர் அவளிடம் வேலை கற்றவர்; அதற்காகவே அவளைப் பிடிக்காதவர். இருந்தாலும் வந்தார்.

விஞ்ஞானியின் மேஜையில் மூன்று குழாய்கள் வரிசையாக நின்றன. டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். விஞ்ஞானி அவரைக் கையமர்த்திவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இது ஏதோ அலை புரட்டுற இடம். இது கலங்கித் தெளிஞ்ச இடம். இது..." மூன்றாவது குழாயை எடுத்ததும் குளிர் அறைக்குப் போனாள். பழைய குழாய் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதே மை. நடுவில் அதே மெல்லிய சாம்பல் பட்டை. அதே நத்தை ஓடுகள். "இது என்னோட முகத்துவாரம்."

"இல்ல. முதல் குழாய்தான் முகத்துவாரம்," என்றாள் மாஜி. "மத்த ரெண்டும் உங்க கட்டடத்துக்குப் பின்னால இருக்கிற பழைய துறை."

விஞ்ஞானி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

மாஜி ஜி.பி.எஸ் கருவியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். உறையைப் பிரித்து, வேறு பேட்டரி போட்டு இயக்கினார்கள். படகு போன தடங்கள் தேதிவாரியாக வந்தன. குழாய்ச் சீட்டுகளில் இருந்த ஐம்பத்தெட்டு தேதிகளிலும் படகு புதுத் துறையிலிருந்து கிளம்பி, கிடங்கைச் சுற்றி, பழைய துறைக்குள் நுழைந்து மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தது. கடைசித் தடம் சனிக்கிழமை காலை. அதுவும் தெப்பத்துக்குப் பக்கத்தில் முடிந்தது.

"சார், ஞாயித்துக்கிழமை இன்ஜின் சோதனைக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" மீட்டர் டைரக்டரை நெருங்கி நின்றான். அவன் வாழ்நாளிலேயே அனுபவித்துக் கேட்ட கேள்வி அதுதான்.

"போட்டேன்! நூறு சீட்டுல கையெழுத்துப் போடறேன். கேட்டவனுக்குக் கொடுத்தேன்!"

"கேட்டது யாரு?"

டைரக்டர் வாசல் பக்கம் திரும்பினார். அவர் பார்வை போன திசையில் எல்லோரும் திரும்பினார்கள்.

வாசலில் டீத் தட்டோடு டெக்னீசியன் நின்றிருந்தான்.

மீட்டரின் முகம் விழுந்துவிட்டது. "நீயாடா?"

"ஐம்பத்தெட்டு சீட்டுலயும் முகத்துவாரம்னு எழுதின கை இவனோடது," என்றாள் மாஜி. "டைரக்டர் அந்த அறிக்கையை நம்பினார். மேடம் அந்தச் சேத்தை நம்பினாங்க. சேறு எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் செத்துட்டார்."

தட்டு சாய்ந்து கோப்பைகள் விழுந்தன. அவன் ஓடவில்லை. சுவரில் முதுகைத் தேய்த்தபடி கீழே உட்கார்ந்துவிட்டான்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் முகத்துவாரத்துல படகு கவிழ்ந்துது," என்றான். "நான் அடியில மாட்டிக்கிட்டேன். மாமாதான் இழுத்துப் போட்டார். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் பார்த்தாலே எனக்குக் கைகால் உதறும். வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. மாமாதான் சொன்னார், சேறுன்னா எல்லாம் சேறுதானே, இங்கயே எடுத்துக்கோடான்னு. ஆறு வருஷம் அவரே படகை ஓட்டிட்டு வந்து நிறுத்துவார்."

"அப்புறம் ஏன்டா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கழிவுச் சேத்தை அங்க கொட்டப் போறாங்கன்னு பேப்பர்ல படிச்சார். ஊரே அந்த மீனைத்தான்டா தின்னுது, நம்ம சோம்பேறித்தனத்துக்குப் பிள்ளைங்க சாகணுமான்னு கேட்டார். சனிக்கிழமை என்னைத் தெப்பத்துக்கு வரச் சொன்னார். நீயே மேடம்கிட்ட சொல்லிடு, இல்லேன்னா இந்த ஜி.பி.எஸ்ஸை நானே கொடுத்துடுவேன்னார். பிடுங்கப் போனேன். தள்ளினேன். இரும்புல தலை மோதி அந்தச் சந்துல விழுந்தார். நானும் குதிச்சேன். காலைப் பிடிச்சு வெளியே இழுத்தப்ப மூச்சு இல்ல. அவர் சட்டையில கருவியும் இல்ல."

"சந்துல விழுந்தப்பவே நழுவி அங்கயே சேத்துல புதைஞ்சிருக்கு," என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

"மூச்சு இல்லாதவரைப் படகோட முகத்துவாரத்துக்கு அனுப்பினவனும் நீதான்," என்றாள் மாஜி. "கடல்னா பயம்னு சொன்னியே. அவரை எப்படிக் கொண்டு போன?"

"துறை வாயில அவரையும் படகையும் தள்ளிவிட்டேன். தண்ணி வடியற நேரம். அதுவே இழுத்துட்டுப் போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் அவனை எழுப்பி நிறுத்தினார். விஞ்ஞானி அவர்களைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து எண்களை அழுத்தினாள். "அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கறேன். ஆமா, முழுசா. ஆறு வருஷமும் தப்பு. கொட்டுறதை நிறுத்துங்க. லாரி கிளம்பியிருந்தா அதையும் நிறுத்துங்க." ரிசீவரை வைத்துவிட்டு மாஜியிடம் திரும்பினாள். "நன்றி சொல்வேன்னு நிக்காதீங்க. எனக்கு இப்ப உங்களைப் பார்க்கவே பிடிக்கல."

படகோட்டியின் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. அந்த மாலையில் மாஜி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் மனைவி கதவைப் பிடித்தபடியே நின்றாள். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"தம்பியா?"

"ஆமா."

"புருஷன் எப்படிச் செத்தார்னு கண்டுபிடிக்கச் சொன்னேன். தம்பியையும் கொண்டு போங்கன்னு சொன்னேனா? அன்னிக்கு அப்பா, இன்னிக்குத் தம்பி. இந்த வீட்டுல இன்னும் யாரு பாக்கி? போங்க! இந்தப் படியில இனிமே கால் வைக்காதீங்க!"

கதவு அறைந்து மூடியது.

மாஜி மூடிய கதவருகிலேயே நின்றாள். "அவன் ஒப்புக்கிட்டது மட்டும் போதாது," என்றாள் மெதுவாக. "நாளைக்கே கோர்ட்டுல, போலீஸ் அடிச்சு வாங்கின வாக்குமூலம்னு மாத்திடுவான். தெப்பத்துல அவன் இருந்தான்னு காட்ட நம்மகிட்ட ஆள் இல்ல." இருவரும் படியிறங்கத் திரும்பினார்கள்.

பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அவள் வாசலில் நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. குரல் மட்டும் கரகரத்தது.

"சனிக்கிழமை மத்தியானம் இங்க வந்தான். பேன்ட், சட்டை எல்லாம் மை மாதிரி. அழுகின முட்டை நாத்தம். லீவு நாள்ல என்னடா வேலைன்னு கேட்டேன். அவசர வேலை, அக்கான்னான். குளிக்க வெந்நீர் போட்டேன். துணியை என் கையாலதான் துவைச்சேன். பசிக்குதுன்னான். அவருக்குன்னு எடுத்து வச்சிருந்த சோத்தை அவனுக்குப் போட்டேன்."

மாஜி திரும்பி வாசலருகே வந்தாள்.

"இதை எங்க வந்து சொல்லணும்?"

"இப்ப ஸ்டேஷன்ல. அப்புறம் கோர்ட்டுல. அவன் எதிர்ல நிப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே சொல்ல வேண்டியிருக்கும்."

"பார்த்துக்கிட்டே சொல்றேன்."

அவள் செருப்பை மாட்டினாள். வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கீழே மீட்டர் ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்து பிடித்தான். அவள் அவனையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் இருக்கும் தெருவை நோக்கி, வேகம் குறையாமல் நடந்து போனாள்.